பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்

கேள்வி: எனக்கு மூன்றரை வயதில் ஒரு மகள், ஏழு மாதத்தில் ஒரு மகன். கார் ஓட்டுவதில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே அலாதிப் பிரியம். இப்போது என்னிடம் இருப்பது இரண்டு கதவுள்ள, தாழ்வான ஸ்போர்ட்ஸ் கார். மகனைப் பின்னால் வைத்து பெல்ட் மாட்டி முடிப்பதற்குள் இடுப்பு விட்டுப்போகிறது. இதை விற்றுவிட்டு ஒரு சொகுசு எஸ்யூவி வாங்கத் தீர்மானித்துவிட்டோம், பணத்துக்குப் பிரச்சினை இல்லை. எனக்கு போர்ஷே கெயேன் அல்லது பிஎம்டபிள்யூ எக்ஸ்5 மீது கண். கணவரோ, "ஸ்போர்ட்டி வண்டி பிள்ளைகளுக்கு ஆகாது, ஏழு சீட் வால்வோ எக்ஸ்சி90 எடுத்துவிடலாம்" என்கிறார். மூன்றாவது குழந்தை பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை. இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பிறகும் இப்படி ஒரு வண்டிக்கு ஆசைப்படுவது சுயநலமா? எதை எடுக்கலாம்? (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள வாசகிக்கு,

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இதில் சுயநலம் ஒன்றும் இல்லை. வளைவில் சாயாமல் நிற்கிற, பிரேக்கை மிதித்தால் நேராக நிற்கிற, ஸ்டியரிங்கைத் திருப்பியதும் சொன்ன பேச்சைக் கேட்கிற வண்டிதான் பிள்ளைகளுக்கும் நல்ல வண்டி. குறுக்கே எதுவோ பாய்ந்து நீங்கள் சட்டென்று ஒதுங்க வேண்டிய நொடியில், பின்னால் தூங்கிக்கொண்டிருக்கும் இரண்டு பேரையும் காப்பாற்றப்போவது அந்தக் குணம்தான். ஓட்டுவதில் ஆசை உள்ளவர்கள் பெரும்பாலும் கவனமாகவும் ஓட்டுவார்கள். இருபது வருடங்களாகக் கார் வாங்குகிறவர்களுக்கு ஆலோசனை சொல்லிவருகிறேன், அதற்கு முன்னால் சஸ்பென்ஷன் வேலை பார்க்கும் பணிமனையில் இருந்தேன். இந்த அனுபவத்தில்தான் இதைச் சொல்கிறேன்.

ஆனால் உங்கள் கணவர் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. "ஸ்போர்ட்டி" என்ற பெயரில் ஷோரூமில் விற்கப்படுவதில் பாதி பிள்ளைகளுக்கு ஆகாததுதான். மெல்லிய டயர், கட்டை போன்ற சஸ்பென்ஷன், உயர்ந்த முதுகுள்ள முன்சீட்டு, கறுப்புக் கூரைத் துணி, சரிந்து இறங்கும் பின்கூரை எல்லாம் அந்தப் பாதியில் வரும். நல்ல பாதியையும் கெட்ட பாதியையும் பிரித்து வாங்க முடியும் என்பதுதான் உங்களுக்கு நல்ல செய்தி. நீங்கள் ஆர்டர் படிவத்தில் எதை டிக் செய்கிறீர்கள், எதை விடுகிறீர்கள் என்பதில் எல்லாம் இருக்கிறது. எந்த கம்பெனி என்பதைவிட இது முக்கியம்.

சக்கரத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். அதிகம் பேர் ஏமாறுவது அங்கேதான்.

டயரின் பக்கவாட்டில் 275/45 ஆர்20 என்று ஓர் எண் இருக்கும். 275 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 45 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பதைச் சொல்கிறது. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 124 மில்லிமீட்டர் வரும். கடைசியில் உள்ள 20 என்பது அங்குலத்தில் சக்கரத்தின் அளவு. இதே வண்டிக்கு 22 அங்குலச் சக்கரம் கேட்டால் பின்பக்கத்துக்கு 315/30 ஆர்22 என்ற அளவில் டயர் வரும். அதில் பக்கச்சுவர் 95 மில்லிமீட்டர்கூட இல்லை. ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் ரப்பரும் காற்றும் போய்விட்டது. சாலையில் உள்ள பள்ளத்துக்கும் உங்கள் மகனின் தலைக்கும் நடுவில் இருக்கும் முதல் மெத்தை அதுதான். அந்த மூன்று சென்டிமீட்டரை எடுத்துவிட்டு, அந்த வேலையையும் சேர்த்துப் பார் என்று சஸ்பென்ஷனிடம் சொன்னால் அது எவ்வளவுதான் செய்யும்?

எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். என் பிள்ளைகள் சிறிசுகளாக இருந்தபோது நானும் பார்வைக்கு அழகாக இருக்கிறது என்று பெரிய சக்கரம் போட்ட எஸ்யூவி ஒன்று வைத்திருந்தேன். ஒருநாள் இரவு பதினொரு மணி, மழை, இரண்டு பேரும் பின்னால் தூக்கம். தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கியது, "டப்" என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் பக்கச்சுவரில் விரல் நீளத்துக்கு வெட்டு. அந்த வண்டியில் மாற்று டயர் கிடையாது. பஞ்சர் ஒட்டும் திரவம் ஒரு டப்பா இருந்தது. பக்கச்சுவர் வெட்டுக்கு அது ஒன்றும் செய்யாது. அந்த அளவு டயர் அந்த நேரத்தில் எந்தக் கடையிலும் இல்லை. இரண்டு பிள்ளைகளையும் போர்வையில் சுற்றி, இழுவை வண்டி வரும்வரை இரண்டரை மணி நேரம் ஓரமாக நின்றோம். அடுத்த மாதமே 19 அங்குலச் சக்கரத்துக்கு மாறிவிட்டேன். பெரியவள் மறுநாளே, "அப்பா, கார் சத்தம் போடலை" என்றாள்.

அதனால் 19 அல்லது 20 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விற்பனைப் பிரதிநிதி 22-ஐத்தான் காட்டுவார், அதில்தான் வண்டி கம்பீரமாகத் தெரியும். முன்னுக்கு ஓர் அளவு, பின்னுக்கு ஓர் அளவு என்று வருகிற சக்கரத் தொகுப்பையும் முடிந்தவரை தவிர்த்துவிடலாம். அதில் தேய்மானத்தைச் சமன்செய்ய முன்னையும் பின்னையும் மாற்றிப் போட முடியாது. ரன்ஃப்ளாட் டயர் பற்றி இரண்டு கருத்து உண்டு. காற்று போன பிறகும் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மிகாமல் சுமார் 80 கிலோமீட்டர் தூரம் போக விடும், கைக்குழந்தையோடு இரவில் பயணம் செய்கிறவர்களுக்கு அது பெரிய நிம்மதி. பதிலுக்குப் பக்கச்சுவர் விறைப்பாக இருக்கும், குலுக்கல் கொஞ்சம் கூடும். சிறிய சக்கரத்தோடு சேர்ந்து வந்தால் அந்தக் குலுக்கல் தாங்கக்கூடியதுதான். பெரிய சக்கரத்தோடு சேர்ந்தால் வேண்டவே வேண்டாம்.

சக்கரத்தில் மிச்சம் பிடித்த பணத்தை அப்படியே சஸ்பென்ஷனில் போடுங்கள். இரண்டு டன்னைத் தாண்டும், உயரமான வண்டி இது. வளைவில் மேல்பாதி வெளிப்பக்கம் சாயத்தான் பார்க்கும். சாதாரண வண்டியில் இந்தச் சாய்வைக் குறைக்க ஸ்பிரிங்கை இறுக்குவார்கள், அப்போது நேர்ச்சாலையிலும் குலுக்கும். சாலைக்குத் தகுந்தபடி நொடிக்கு நொடி இறுகித் தளரும் ஷாக் அப்சார்பர் இருந்தால் இந்த இழுபறி தீரும். 2023-இல் புதுப்பிக்கப்பட்ட கெயேனில் வால்வு இரண்டு கொண்ட ஷாக் அப்சார்பர் வந்திருக்கிறது. அமுங்குவதையும் விரிவதையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்துவதால், மேடு ஏறி இறங்கியதும் வண்டி இரண்டாவது முறை தலையாட்டாது. இதோடு, ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப்பையில் வண்டியைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷனும் எடுத்துக்கொண்டால், தள்ளுவண்டியை டிக்கியில் ஏற்றும்போது பின்பக்கத்தைத் தாழ்த்திக்கொள்ளவும் முடியும். எக்ஸ்5-க்கும் ஏர் சஸ்பென்ஷன் விருப்பத் தேர்வாக உண்டு. பெரிய இன்ஜினா, நல்ல சஸ்பென்ஷனா என்று வந்தால் கண்ணை மூடிக்கொண்டு சஸ்பென்ஷனை எடுங்கள்.

இன்னொன்றும் பலர் கவனிப்பதில்லை. ஸ்டியரிங், இன்ஜின், சஸ்பென்ஷன் மூன்றையும் ஒரே பட்டனில் ஸ்போர்ட்டுக்கு மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. இந்த ரக வண்டிகள் பெரும்பாலானவற்றில் தனிப்பட்ட அமைப்பு ஒன்றைச் சேமித்து வைக்கலாம். ஸ்டியரிங் ஸ்போர்ட்டில், சஸ்பென்ஷன் கம்ஃபர்ட்டில், இன்ஜின் நார்மலில் என்று வைத்துப் பாருங்கள். கைக்கு உயிர் இருக்கும், பின்சீட்டுக்கு ஒன்றும் தெரியாது.

பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். எம் ஸ்போர்ட், எஸ் லைன், ஏஎம்ஜி லைன் என்றெல்லாம் ஒட்டியிருப்பது பெரும்பாலும் பம்பரின் வடிவம், ஸ்டியரிங்கின் தோல், சக்கரத்தின் டிசைன் ஆகியவற்றில்தான் இருக்கும். எக்ஸ்5 எம், மெர்சிடிஸ் ஜிஎல்இ 63 போன்ற முழு ஸ்போர்ட்ஸ் மாடல்கள் வேறு ஜாதி. அவை அருமையான இயந்திரங்கள். ஆனால் தினமும் பள்ளிக்கும் மருத்துவரிடமும் போகிற வண்டியாக அவற்றை நான் சொல்ல மாட்டேன்.

இப்போது பின்சீட்டுக்கு வருகிறேன். உங்கள் விஷயத்தில் முடிவு எடுக்கப்படும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

மகனுக்கு ஏழு மாதம். அவன் இன்னும் நெடுநாள் பின்னோக்கி உட்கார வேண்டும். குழந்தையின் தலை உடம்போடு ஒப்பிட்டால் மிகப் பெரியது, கழுத்து எலும்புகள் இன்னும் முழுதாகக் கெட்டிப்படவில்லை. முன்பக்கம் மோதும்போது முன்னோக்கி உட்கார்ந்த குழந்தையின் தலை முழுவதையும் அந்தக் கழுத்து இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். பின்னோக்கி உட்கார்ந்தால் சீட்டின் ஓடு முதுகு, கழுத்து, தலை மூன்றையும் சேர்த்துத் தாங்கும். 1960-களில் சுவீடனைச் சேர்ந்த பெர்டில் ஆல்ட்மன் என்ற பேராசிரியர், ஜெமினி விண்கலத்தில் விண்வெளி வீரர்கள் ராக்கெட்டின் அழுத்தத்தை முதுகில் வாங்கிப் படுத்திருந்த விதத்தைப் பார்த்துத்தான் பின்னோக்கிய குழந்தை இருக்கையை யோசித்தார். இன்றைய ஐ.நா. விதி எண் 129 குறைந்தது 15 மாதம் வரை பின்னோக்கித்தான் வைக்க வேண்டும் என்கிறது. அது அடிமட்ட அளவு. சீட்டின் உயர, எடை வரம்பு விடும்வரை, முடிந்தால் நான்கு வயது வரைக்கும், பின்னோக்கியே வைத்திருங்கள். உங்கள் மகளுக்கும் அவள் சீட்டின் வரம்பு இடம் கொடுத்தால் இது பொருந்தும்.

இதில் வண்டிக்கு என்ன சம்பந்தம்? பின்னோக்கிய சீட்டு நீளவாக்கில் நிறைய இடம் எடுக்கும். அதற்கு முன்னால் உள்ள இருக்கையை முன்னே தள்ள வேண்டியிருக்கும். அந்த இருக்கையில் உங்கள் கணவர் உட்கார்ந்தால் அவர் முழங்கால் டேஷ்போர்டில் இடிக்குமா? அதுதான் உண்மையான இடவசதிச் சோதனை. விளம்பரத்தில் போடும் லிட்டர் கணக்கும் மில்லிமீட்டர் கணக்கும் இதைச் சொல்லாது. போர்ஷே மக்கான், பிஎம்டபிள்யூ எக்ஸ்3, ஆடி க்யூ5 போன்ற ஒரு அளவு சிறிய வண்டிகள் ஓட்ட இன்னும் சுறுசுறுப்பாக இருக்கும், உங்களுக்குப் பிடிக்கவும் செய்யும். ஆனால் இரண்டு பின்னோக்கிய சீட்டுகளைப் போட்டால் முன்னால் இருக்கும் இரண்டு பேரும் மடங்கித்தான் உட்கார வேண்டும். நீங்கள் கெயேன், எக்ஸ்5 அளவுக்குக் கண் வைத்தது சரியான கணிப்பு. கெயேனில் பின்சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தலாம், சாய்மானத்தையும் மாற்றலாம். பின்னோக்கிய சீட்டுக்கு அது பெரிய உதவி.

குழந்தை சீட்டை வண்டியோடு பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகளையும் கையால் தொட்டுப் பாருங்கள். எல்லா வண்டியிலும் இருக்கிறது என்று சொல்வார்கள், இருக்கவும் செய்யும். ஆனால் சில வண்டிகளில் மூடியைத் தட்டினால் கொக்கி கண்ணுக்கே தெரியும். சிலவற்றில் இரண்டு மெத்தைகளுக்கு நடுவில் விரலை விட்டுத் துழாவி, நகம் உடைந்த பிறகுதான் கிடைக்கும். மகனுடைய சீட்டின் அடித்தளத்துக்குத் தாங்குகால் இருந்தால் அது நிற்கும் இடத்தில் தரை கெட்டியாக இருக்க வேண்டும். சில வண்டிகளில் அங்கே சாமான் வைக்கும் ரகசிய அறை இருக்கும், அதன் மூடி மேல் கால் நிற்கக் கூடாது. இதை வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் முன்சீட்டில் பின்னோக்கிய சீட்டை வைக்க நேர்ந்தால், அந்தப் பக்கத்து ஏர்பேக்கை நிறுத்தாமல் வண்டியை எடுக்கவே கூடாது.

உயரத்தில் உங்கள் இடுப்புக்கு விடிவு உண்டு. இந்த வண்டிகளில் பின்சீட்டு ஏறக்குறைய உங்கள் இடுப்பு மட்டத்தில் இருக்கும், குனியாமல் குழந்தையை வைத்து எடுக்கலாம். ஆனால் மகள் தானே ஏற வேண்டும். பக்கத்துப் படிக்கட்டு வைத்தால் அவளுக்கு வசதி, மழைக்காலத்தில் உங்கள் உடையில் சேறு. கதவு எவ்வளவு தூரம் திறக்கிறது, நெருக்கமாக நிறுத்தியிருக்கும்போது பாதி திறந்தாலும் சீட்டைத் தூக்கி உள்ளே வைக்க முடிகிறதா என்பதையும் பாருங்கள். எக்ஸ்5-இன் டிக்கிக் கதவு மேலே ஒரு பாதி, கீழே ஒரு பாதி என்று இரண்டாகத் திறக்கும். கீழ்ப்பாதியைத் திறந்துபோட்டு அதில் மகளை உட்காரவைத்து ஷூ மாட்டிவிடலாம், மகனுக்கு டயப்பர் மாற்றலாம். கேட்கச் சின்ன விஷயம், ஆனால் எக்ஸ்5 வைத்திருக்கும் குடும்பங்கள் முதலில் சொல்வது இதைத்தான்.

மகளுக்கு இனி வரப்போகிற பிரச்சினை ஒன்று உண்டு. இரண்டு வயதுக்கு மேல் பிள்ளைகளுக்குப் பயணக் குமட்டல் ஆரம்பிக்கலாம், பன்னிரண்டு வயது வரைக்கும் இருக்கலாம். காதுக்குள் உள்ள சமநிலை உறுப்பு "நகர்கிறோம்" என்கிறது, கண் முன்சீட்டின் முதுகைப் பார்த்து "நகரவில்லை" என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் வயிறு புரட்டும். ஸ்போர்ட்ஸ் சீட்டு என்ற பெயரில் தலையணையோடு ஒரே துண்டாக எழும்பி நிற்கும் முன்சீட்டு, மேலே ஏறிக்கொண்டே போகும் சன்னல் விளிம்பு, கறுத்த கண்ணாடி மூன்றும் சேர்ந்தால் பின்னால் இருக்கும் குழந்தைக்கு அது ஒரு கிணறு. இதனால்தான் கெயேன் கூப்பே, பிஎம்டபிள்யூ எக்ஸ்6 போன்ற சரிந்த கூரை வண்டிகளை உங்களுக்கு நான் சொல்லவில்லை. டெஸ்ட் டிரைவில் நீங்கள் பின்சீட்டில் உட்கார்ந்து, மகளின் கண் உயரத்துக்குத் தலையைத் தாழ்த்திப் பாருங்கள். முன்கண்ணாடி வழியாகச் சாலை தெரிந்தால் நல்லது. சன்னல் வழியாக வானம் மட்டுமே தெரிந்தால் வேறு சீட்டு கேளுங்கள், அல்லது வேறு வண்டி பாருங்கள். வெளிர் நிற உட்புறமும் பனோரமா கூரையும் இந்த விஷயத்தில் உதவும். கூரைக்குக் கட்டாயம் நிழல்திரை இருக்கட்டும்.

இன்ஜின் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கெயேனின் அடிப்படை வி6-உம் எக்ஸ்5-இன் 3 லிட்டர் ஆறு சிலிண்டர் பெட்ரோலும் நின்ற இடத்திலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டரை 6 வினாடிக்குச் சற்று முன்பின்னாக எட்டிவிடும். குடும்பத்தோடு போகும்போது அதில் பாதிகூடப் பயன்படுத்த மாட்டீர்கள். டெஸ்ட் டிரைவில் கவனிக்க வேண்டியது ஆக்ஸிலரேட்டரை மெதுவாகத் தொட்டால் வண்டியும் மெதுவாகத்தான் நகர்கிறதா என்பது. வெடுக்கென்று பாய்ந்தால் தூங்குகிற குழந்தையின் தலை பின்னால் போய் முன்னால் வரும். வேகம் பற்றி ஒன்றே ஒன்று. 80-லிருந்து 100-க்குப் போனால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது, பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. இவ்வளவு கனமான வண்டியில் அதனால்தான் பெரிய பிரேக் விருப்பத் தேர்வாக வந்தால் எடுங்கள் என்கிறேன்.

பெட்ரோல் இன்ஜினோடு, செருகி சார்ஜ் செய்யும் பேட்டரியும் உள்ள ப்ளக்-இன் ஹைபிரிட் எடுக்க நினைத்தால், வீட்டில் சார்ஜ் செய்ய இடம் இருந்தால் நல்ல யோசனைதான். காலையில் பள்ளிக்குப் போகிற தூரம் முழுக்க இன்ஜின் சத்தமே இல்லாமல் போகலாம். ஆனால் பேட்டரி எங்கே உட்கார்கிறது என்று கேளுங்கள். எக்ஸ்5-இல் பெட்ரோல் வண்டியின் டிக்கி 650 லிட்டர், ப்ளக்-இன் வண்டியில் 500 லிட்டர். மூன்றாவது வரிசையும் அதில் கிடையாது. இரட்டைத் தள்ளுவண்டி வைத்திருந்தால் அந்த 150 லிட்டர் உறைக்கும்.

இனி ஏழு சீட்டு விவாதம். மூன்றாவது குழந்தை வந்தால் ஏழு சீட்டு வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். கைக்குழந்தை உள்ள வீட்டில் மூன்றாவது வரிசை நினைக்கிற அளவுக்குப் பயன்படாது. பின்னால் போக வேண்டுமானால் இரண்டாவது வரிசையை மடித்து வழிவிட வேண்டும், அங்கே குழந்தை சீட்டு பூட்டியிருந்தால் பல வண்டிகளில் அது மடங்காது. மூன்றாவது வரிசையை நிமிர்த்தினால் டிக்கியில் ஒரு தள்ளுவண்டிக்கும் இடம் இருக்காது. உங்களுக்கு உண்மையில் வேண்டியது இரண்டாவது வரிசையில் மூன்று சீட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிற அகலம். கெயேன் ஐந்து சீட்டு வண்டி, நடு இருக்கை ஒப்புக்குத்தான். எக்ஸ்5-இலும் மூன்று குழந்தை சீட்டு நெருக்கடிதான். இந்த ஒரு விஷயத்தில் ஆடி க்யூ7 முந்தி நிற்கும். அதன் நடுவரிசை மூன்று தனித்தனி இருக்கைகளாக, ஏறக்குறைய ஒரே அகலத்தில் இருக்கும். ஓட்டுவதிலும் அது சோம்பேறி இல்லை. முதல் தலைமுறை கெயேனோடும் ஃபோக்ஸ்வாகன் டுவாரெக்கோடும் ஒரே அடித்தளத்தைப் பகிர்ந்துகொண்ட குடும்பத்திலிருந்து வந்த வண்டிதான் அது.

உங்கள் கணவரின் எக்ஸ்சி90 பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அமைதியான, அகலமான, குழந்தைகளை மனதில் வைத்தே வரைந்த வண்டி. மூன்று முனை சீட் பெல்ட்டை 1959-இல் கொண்டுவந்த கம்பெனி அது, அந்தக் கவனம் இன்றைய வண்டியிலும் தெரிகிறது. இரண்டாவது வரிசையின் நடு இருக்கைக்குள்ளேயே மடங்கி எழும் பூஸ்டர் இருக்கையோடு வாங்கவும் வழி உண்டு. அதில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நான்கு சிலிண்டர் இன்ஜினும், மெத்தென்ற ஸ்டியரிங்கும் உங்களுக்கு மூன்றே மாதத்தில் அலுத்துவிடும் என்று கடிதத்தைப் படிக்கும்போதே தெரிகிறது. தினமும் ஓட்டப்போவது நீங்கள். அதனால் அதை நான் முதலில் சொல்லவில்லை.

எந்த வண்டி எடுத்தாலும் ஒன்று செய்யுங்கள். வண்டியைத் திறந்த இடத்தில் நிறுத்தி, ஓட்டுநர் இருக்கையில் நீங்கள் உட்காருங்கள். கணவர் மகளின் உயரத்துக்கு ஒரு முக்காலியையோ அட்டைப்பெட்டியையோ முன்பம்பரை ஒட்டி வைக்கட்டும். அது உங்கள் கண்ணுக்குத் தெரியும்வரை கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே போகட்டும். தெரிய ஆரம்பித்த இடத்துக்கு அவர் எத்தனை அடி நடந்தார் என்று எண்ணுங்கள். தாழ்ந்த ஸ்போர்ட்ஸ் காரிலிருந்து வருகிற உங்களுக்கு அந்தத் தூரம் அதிர்ச்சியாக இருக்கும். முன்பக்கக் கேமராவும் 360 டிகிரி கேமராவும் கட்டாயம் எடுங்கள். அவை இருந்தாலும், வீட்டு வாசலில் வண்டியை எடுக்கும்போது மகள் யார் கையில் இருக்கிறாள் என்று தெரிந்த பிறகே கியரைத் தொடுங்கள்.

அதேபோல, பின்சீட்டை நினைவூட்டும் எச்சரிக்கை மணி இருந்தால் அதை அணைத்து வைக்காதீர்கள். வெயிலில் நிறுத்திய காரில் குழந்தையின் உடம்பு பெரியவர்களுடையதைவிட 3 முதல் 5 மடங்கு வேகமாகச் சூடாகும். "ஒரு நிமிடத்தில் வந்துவிடுகிறேன்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

புதிதா, பழையதா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். இந்த ரக வண்டிகளின் மதிப்பு முதல் இரண்டு மூன்று வருடங்களில்தான் வேகமாக இறங்கும். கம்பெனி உத்தரவாதத்தோடு இரண்டு வருடப் பழைய வண்டி கிடைத்தால் தாராளமாக எடுக்கலாம். இந்த அளவு வண்டியின் டயர், பிரேக் டிஸ்க் எல்லாம் விலை கூடியவை, மிச்சமாகும் பணம் அதற்கு ஆகும். ஏர் சஸ்பென்ஷன் உள்ள பழைய வண்டி என்றால் ஒரு இரவு முழுக்க நிற்கவிட்டு, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து பாருங்கள். ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் எங்கேயோ காற்று கசிகிறது. டயரில் நான்கு இலக்கம் இருக்கும். 1223 என்றால் 2023-ஆம் ஆண்டின் 12-ஆவது வாரத்தில் செய்தது. நான்கிலும் அதைப் பார்த்துவிடுங்கள். வண்டி பழையதாக இருக்கலாம், குழந்தை சீட்டு மட்டும் முன்கதை தெரியாத பழையதாக இருக்கக் கூடாது.

சரி, முடிவாக எதை எடுக்கலாம்? உங்கள் இடத்தில் நான் இருந்தால் எக்ஸ்5, ஆறு சிலிண்டர் பெட்ரோல், 19 அல்லது 20 அங்குலச் சக்கரம், ஏர் சஸ்பென்ஷன், வெளிர் நிற உட்புறம், முன்சீட்டு சாதாரண வகை என்று எழுதிக் கொடுப்பேன். இரண்டு பிள்ளைகளோடு நிறுத்திக்கொள்வது உறுதி என்றால், ஸ்டியரிங்கின் துல்லியத்துக்காக அடிப்படை கெயேனை, இதே விதிகளோடு, தயங்காமல் எடுங்கள். கையில் பிடித்து ஓட்டும் சுகத்தில் அதை மிஞ்ச இந்த அளவில் வேறு வண்டி இல்லை என்பது என் கருத்து. மூன்றாவது குழந்தைக்கு மனம் பாதிக்கு மேல் சாய்ந்திருந்தால் க்யூ7. இன்னும் ஆறு மாதம் முடிவெடுக்க முடியாது என்றால் எக்ஸ்5-தான் நடுவழி. மூன்றாவது வருகிற நாளில் ஒடுக்கமான சீட்டுகள் இரண்டு வாங்கிச் சமாளிக்கலாம்.

ஷோரூமுக்குப் போகும்போது பிள்ளைகள் இருவரையும், அவர்களுடைய சீட்டுகளையும், தள்ளுவண்டியையும் கூடவே கொண்டுபோங்கள். சீட்டுகளை நீங்களே பூட்டுங்கள், பிரதிநிதியைப் பூட்ட விடாதீர்கள். அப்புறம் முதல் அரை மணி நேரம் கணவர் ஓட்டட்டும், நீங்கள் இரண்டு குழந்தை சீட்டுகளுக்கும் நடுவில் உட்காருங்கள். மோசமான சாலை ஒன்றில் போகச் சொல்லுங்கள். மகன் தூங்கிவிட்டால் வண்டியை நிறுத்தி இடம் மாறிக்கொண்டு, அவன் தூக்கம் கலையாமல் நீங்கள் எவ்வளவு ரசித்து ஓட்ட முடிகிறது என்று பாருங்கள்.